பழைய அளவுக்கருவி போர்டைக் கழுவ எது நல்லது? ஐபிஏ, சோப்புத் தண்ணீர், ஸ்பிரே டப்பாக்கள்: ஒரு மதிப்பீடு

பழைய ஆசிலாஸ்கோப், மல்டிமீட்டர், சிக்னல் ஜெனரேட்டர் போன்றவற்றின் போர்டை, அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை, சுத்தம் செய்யக் கிடைக்கும் திரவங்கள் ஏராளம். எல்லா டப்பாவிலும் ‘எலக்ட்ரானிக்ஸுக்கு ஏற்றது’ என்று அச்சடித்திருப்பார்கள். அதை மட்டும் நம்பி வாங்கினால் வேலைக்குப் பொருந்தாத பொருள் கைக்கு வர வாய்ப்பு அதிகம். இந்த மதிப்பீட்டில் எல்லாத் திரவத்துக்கும் ஒரே கேள்விதான்: கரைத்த அழுக்கையும் கூட்டிக்கொண்டு அது போர்டை விட்டு முழுதாக வெளியேறுகிறதா? அப்படிப் பார்த்தால் முதலிடம் மிதமான சோப்புக் கரைசலுக்கும் அதற்குப் பின் வரும் காய்ச்சி வடித்த நீர் அலசலுக்கும். இரண்டாமிடம் 99.9 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு, சுருக்கமாக ஐபிஏவுக்கு. சுவிட்ச், கனெக்டர் முனைகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேக்கள் நல்ல பொருள்கள், ஆனால் போர்டு கழுவுவது அவற்றின் வேலையே கிடையாது. திரவத்தை ஒலியதிர்வால் குலுக்கிக் கழுவும் அல்ட்ராசானிக் தொட்டியைப் பழைய அளவுக்கருவி போர்டுக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

இந்த வரிசைக்குக் காரணம் அழுக்கின் வேதியியலில் இருக்கிறது. முப்பது நாற்பது வருடம் ஓடிய கருவியில் படிந்திருப்பது வெறும் தூசி மட்டும் அன்று. மின்விசிறி இழுத்து வந்த தூசியில் உப்பு இருக்கிறது, பழுது பார்த்தவர்களின் கைவியர்வை இருக்கிறது, பிசுக்கு இருக்கிறது, சால்டர் செய்யும்போது பயன்படுத்திய பழைய ரோசின் ஃபிளக்ஸ் (மரப்பிசின் பசை) இருக்கிறது, புகைபிடிக்கும் அறையில் இருந்திருந்தால் பழுப்பான தார் படலமும் இருக்கிறது. சாதாரண உப்பு ஐபிஏவில் ஏறக்குறைய கரையவே கரையாது, தண்ணீரில் உடனே கரையும். ரோசின் ஃபிளக்ஸ் தண்ணீரைக் கண்டுகொள்ளாது, ஐபிஏவில் நன்றாகக் கரையும். பிசுக்குக்குச் சோப்பு வேண்டும். ஐபிஏ மட்டும் போட்டுத் துடைத்த போர்டு பளபளவென்று இருந்தும், காற்றில் ஈரம் ஏறும் நாள்களில் ரீடிங் அலைபாய்வது இதனால்தான். உப்பு அங்கேயே மெல்லிய படலமாகப் பரவி, ஈரத்தை உறிஞ்சி, கசிவு மின்னோட்டத்துக்கு வழி போட்டுக் கொடுக்கிறது.

எந்தத் திரவத்தையும் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. மின்கம்பியைக் கழற்றி, பவர் சப்ளை கெபாசிட்டர்கள் வடிந்துவிட்டனவா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். சிஆர்டி, அதாவது கண்ணாடிப் படக்குழாய், உள்ள ஆசிலாஸ்கோப்பில் ஆனோடு மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேலும் இருக்கக்கூடும். அணைத்த பிறகும் குழாய் அந்த மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதைச் சேசிஸுக்கு (கருவியின் உலோகச் சட்டத்துக்கு) முறையாக வடிக்கத் தெரியாதவர் அந்தப் பகுதியில் கை வைக்கக் கூடாது.

அடுத்தது பேட்டரி. எச்பி 3478ஏ மல்டிமீட்டர் தன் கேலிப்ரேஷன் எண்களை, அதாவது அளவைத் துல்லியமாக்கும் திருத்த எண்களை, ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி தாங்கும் ராமில் (நினைவகச் சிப்பில்) வைத்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் கேலிப்ரேஷன் போய்விடும், கழற்றாமல் தண்ணீரில் நனைத்தால் மின்னாற்பகுப்பு நடந்து செம்புத் தடங்கள் அரிக்கும். முதலில் ஜிபிஐபி வழியாக (கருவியைக் கணினியோடு இணைக்கும் இடைமுகம்) அந்த எண்களைப் படித்துச் சேமியுங்கள், பிறகு கழற்றுங்கள். சேமிக்க வழியில்லை என்றால் அந்த போர்டைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டு போக வேண்டாம். உலர்ந்த பிரஷும், பேட்டரியையும் ராமையும் தொடாமல் ஆங்காங்கே ஐபிஏ தொட்ட ஸ்வாபும் போதும்.

எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். கேலிப்ரேஷனுக்காகத் திருகி வைக்கும் டிரிம்பாட், டிரிம்மர் கெபாசிட்டர் ஒவ்வொன்றும் எந்தத் திசையில் நிற்கிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பிரஷ் பட்டு ஒரு டிரிம்மர் சற்றே நகர்ந்தாலும் கேலிப்ரேஷன் கெடும், சுத்தம் செய்ததால் கெட்டது என்று யாருக்கும் தோன்றவும் செய்யாது. ஐசிமீது ஒட்டிய தாள், கையால் எழுதிய எண், ரப்பர் முத்திரை எல்லாம் ஐபிஏவில் அழியும் என்பதால் அவையும் படத்தில் இருக்கட்டும். ஈப்ராமின் (புற ஊதா ஒளியில் அழியும் நினைவகச் சிப்பின்) கண்ணாடிச் சன்னல்மீது உள்ள ஸ்டிக்கர் நனைந்து கழன்றால், காய்ந்ததும் வெளிச்சம் புகாத புதியதை ஒட்டிவிடுங்கள்.

உலர் தூசியை முதலில் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மெல்லிய அழுத்தக் காற்று போதும், 0.6 பார் அளவு. அதற்கு மேல் போனால் தூசி சுவிட்சுக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் புகும். டஸ்டர் டப்பா வாங்குபவர் லேபிளைப் படிக்க வேண்டும். பலவற்றில் இருப்பது டைஃபுளூரோஈத்தேன், அது தீப்பற்றும் வாயு. டப்பாவைச் சாய்த்தால் குளிர்ந்த திரவமாகவே பீய்ச்சும். எலி குடியிருந்த கருவி என்றால் காற்றே அடிக்கக் கூடாது. எச்சத்தை முதலில் நனைத்து, முகமூடியும் கையுறையும் அணிந்து ஈரமாகவே துடைத்து எடுங்கள். கேட்மியம் பூசிய பழைய சேசிஸில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பொடி பூத்திருந்தாலும் இதே முறைதான், அந்தப் பொடி நச்சு. ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை) பவர் டிரான்சிஸ்டர்களின் வெள்ளைப் பீங்கான் பெரிலியம் ஆக்சைடாக இருக்கக்கூடும். அதைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது.

இனி ஐபிஏ. வாங்கினால் 99 சதவீதத்துக்கு மேல் உள்ளதை வாங்குங்கள். எம்ஜி கெமிக்கல்ஸ் 824 போன்ற தரமான புட்டிகளில் இருப்பதும் 99.9 சதவீத ஐபிஏதான், வேறு எந்த மாயமும் இல்லை. மருந்துக்கடையின் 70 சதவீதப் புட்டியில் மீதி முப்பது தண்ணீர். உப்பைக் கொஞ்சம் எடுக்க அது உதவும், ஆனால் ஃபிளக்ஸைக் கரைக்கத் திணறும், காயவும் நேரம் பிடிக்கும். கை சுத்திகரிப்பானில் கிளிசரின் கலந்திருக்கும் என்பதால் அதை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

ஐபிஏவைப் பயன்படுத்துவதில் பெரும்பாலோர் சறுக்குவது அளவில். பஞ்சில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்தால், கரைந்த ஃபிளக்ஸ் அதே இடத்தில் மெல்லியதாகப் பரவிக் காய்ந்து வெள்ளைப் படலமாகிவிடும். அந்த வெள்ளையைப் பார்த்து ‘ஐபிஏ போர்டை அரித்துவிட்டது’ என்று பயப்படுகிறார்கள். அரிப்பு ஏதும் இல்லை, பாதியில் விட்ட வேலைதான். உள்ளங்கை அகலப் போர்டு ஒன்றுக்கு ஐம்பது மில்லி வரை செலவழிக்கத் தயங்காதீர்கள். போர்டைச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து நனைத்து, ஒரு நிமிடம் ஊறவிட்டு, குட்டைப் பிரஷால் தேய்த்து, அது காய்வதற்குள் புதிய ஐபிஏவை ஊற்றி அழுக்கைக் கீழ் விளிம்புக்கு ஓட்டுங்கள். அங்கே பஞ்சு உதிராத துணியை வைத்து உறிஞ்சுங்கள். ஓடி வரும் திரவத்தில் மஞ்சள் நிறம் வருவது நிற்கும் வரை இதைத் தொடர வேண்டும். கழுவாமலே விடலாம் என்று விற்கும் நோ-கிளீன் வகை ஃபிளக்ஸ் ஐபிஏவில் அடிக்கடி வெள்ளை பூக்கும். அதற்கென்று உள்ள ஃபிளக்ஸ் ரிமூவர் அங்கே மேல், ஆனால் அதன் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தாக்குமா என்று மறைவான ஓர் இடத்தில் சோதித்த பிறகே.

ஐபிஏவின் குறை தீ. அது தீப்பற்றும் புள்ளி சுமார் 12 டிகிரி செல்சியஸ், அதாவது சாதாரண அறை வெப்பத்திலேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய சேசிஸின் அடியில் தேங்கும். சுற்றிலும் காய்ந்துவிட்டது என்று நினைத்து பவர் சுவிட்சைப் போட்டால் அந்தப் பொறியே போதும். சன்னலைத் திறந்து வையுங்கள், சால்டரிங் அயர்னை அணையுங்கள், நைட்ரைல் கையுறை அணியுங்கள். இன்னொன்று: சிஆர்டி முகப்பில் உள்ள அக்ரிலிக் தகட்டில் ஐபிஏ பட்டால் மயிரிழை விரிசல் விழலாம், முன்பக்க எழுத்துகளும் சில கருவிகளில் அழியும். அந்த இரண்டு இடத்துக்கும் சோப்புத் தண்ணீர் மட்டும்.

அசிட்டோன், தின்னர், டொலுயீன் ஆகியவற்றைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அவை பாலிஸ்டைரீன் கெபாசிட்டர்களைக் கரைக்கும், கனெக்டர் பிளாஸ்டிக்கில் விரிசல் விழ வைக்கும். ஆசிலாஸ்கோப் தயாரித்த டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் மேனுவல்களே பென்சீன், டொலுயீன், சைலீன், அசிட்டோன் கூடாது என்று பெயர் சொல்லி எச்சரிக்கின்றன. பழைய மேனுவல்களில் ஃபிரியான் என்று பார்த்தால் அது சிஎஃப்சி-113. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின் 1996 தொடக்கத்தோடு வளர்ந்த நாடுகளில் அதன் உற்பத்தி நின்றது. அது சொல்லப்பட்ட இடத்தில் இன்று பெரும்பாலும் ஐபிஏ பொருந்தும்.

தண்ணீருக்கு வருவோம். எலக்ட்ரானிக்ஸ் போர்டைத் தண்ணீரில் கழுவுவதா என்று முகம் சுளிப்பவர்கள், 1980களின் டெக்ட்ரானிக்ஸ் ஆசிலாஸ்கோப் சர்வீஸ் மேனுவல்களைப் புரட்டிப் பார்க்கலாம். காற்றும் பிரஷும் போதாதபோது 5 சதவீத மிதமான சோப்பு, 95 சதவீதத் தண்ணீர் கலந்து பீய்ச்சிக் கழுவி, சுத்தமான நீரில் நன்றாக அலசி, காற்றால் ஊதி, 52 முதல் 66 டிகிரி செல்சியஸ் சுற்றுக்காற்றில் உலர்த்தச் சொல்கிறார்கள். தயாரித்தவர்களே எழுதிக் கொடுத்த முறை இது. மின்சாரம் இல்லாத, முழுதாக உலரப்போகிற போர்டுக்குத் தண்ணீர் பகை கிடையாது. உலராத தண்ணீரும் அலசாத சோப்பும்தான் பகை.

ஐந்து சதவீதம் என்பது லிட்டருக்கு ஐம்பது மில்லி. இன்றைய அடர்த்தியான பாத்திரம் கழுவும் திரவத்தில் அவ்வளவு தேவையில்லை, நுரையை அலசியே ஓய்ந்துபோவீர்கள். லிட்டருக்கு ஐந்து மில்லி போதும். அந்தத் திரவங்களில் கெட்டித் தன்மைக்காக உப்பு சேர்ப்பது வழக்கம், மணமும் நிறமும் வேறு. அதனால் ஆய்வகக் கண்ணாடி கழுவும் லிக்வினாக்ஸ் போன்றதற்கு எங்கள் ஓட்டு. மணமோ நிறமோ கலக்காதது, ஒரு சதவீதக் கரைசலே போதும், அதன் பிஎச் 8.5 அளவில்தான் இருக்கும், அலசினால் சுத்தமாகப் போய்விடும். தார் படலத்துக்கு இந்த லேசான காரம் நன்றாக வேலை செய்யும். ஐபிஏ அங்கே இழுவிக்கொண்டுதான் இருக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பொடி மட்டும் வேண்டாம். அதன் காரம் கடுமையானது, அலுமினிய ஹீட்சிங்கைக் கருக்கும். அமோனியா உள்ள கண்ணாடி கிளீனர் தாரைக் கரைக்கும், ஆனால் பித்தளை, செம்புப் பாகங்களைத் தாக்கும்.

நனைக்கக் கூடாதவற்றின் பட்டியலைத் தெரியாமல் குழாயைத் திறக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர், மூடாத ரிலே, மின்விசிறி, ஒலிபெருக்கி, உயர் மின்னழுத்தப் பெருக்கி, காகிதக் கெபாசிட்டர், டிலே லைன் (சிக்னலைத் தாமதப்படுத்தும் பாகம்), பீனாலிக் (ஈரம் உறிஞ்சும் பழுப்புப் பிசின்) தகட்டில் செய்த சுழல் சுவிட்ச், அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும்) பெட்டி ஆகியவை கழற்றப்பட வேண்டும் அல்லது நனையாமல் காக்கப்பட வேண்டும். விசிறியின் அச்சைத் தாங்கும் புஷ்ஷில் உள்ள எண்ணெய் கழுவப்பட்டால் சில மாதத்தில் அது கத்தத் தொடங்கும். கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள் ஈரத்தை இழுத்து மதிப்பில் சில சதவீதம் ஏறும், நன்றாகக் காய்ந்தால் பெரும்பாலும் இறங்கும். அவை நிறைந்த போர்டை நீண்ட நேரம் ஊறவைக்காதீர்கள்.

கரைசல் வெதுவெதுப்பாக, 40 டிகிரிக்குள் இருக்கட்டும். 25 மில்லிமீட்டர் பெயின்ட் பிரஷின் முடியைப் பாதியாக வெட்டி, அதன் தகரப் பட்டையில் டேப் சுற்றிக்கொண்டால் அதைவிட நல்ல கருவி இந்த வேலைக்கு இல்லை. ஐசி கால்களுக்கு இணையாகத் தேயுங்கள், குறுக்கே போனால் அழுக்கு கால்களுக்கு இடையில் அடைந்துகொள்ளும். பஞ்சுக் குச்சி பின்களில் நூல் விடும், ஸ்பாஞ்சு ஸ்வாப் மேல்.

அலசல்தான் இந்த முறையின் உயிர். முதல் அலசலுக்குக் குழாய்நீர் போதும், நுரை முழுதாகப் போகும் வரை இரு பக்கமும். குழாய்நீரோடு நிறுத்தினால் அதிலுள்ள கால்சிய உப்பு வெள்ளைப் புள்ளிகளாகக் காயும். எனவே அடுத்து காய்ச்சி வடித்த நீர், அரை லிட்டர் வீதம் இரண்டு முறை. கடைசி அலசல் நீரை ஒரு தட்டில் பிடித்து, நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். புட்டியில் இருக்கும் புது நீரும் தட்டில் இருக்கும் நீரும் சில பிபிஎம் வித்தியாசத்துக்குள் வந்துவிட்டால் உப்பும் சோப்பும் போய்விட்டன. வித்தியாசம் அதிகமென்றால் இன்னொரு அலசல். கண்ணால் பார்த்து முடிவு செய்வதைவிட இது நூறு மடங்கு நம்பகமானது, இந்தச் சின்ன மீட்டரை இந்த வேலைக்கு வாங்கிய எவரும் வருந்த மாட்டார்.

பிறகு ஐசி அடியில், சாக்கெட்டுக்குள், கனெக்டருக்குள், டிரிம்பாட் ஓரத்தில் தங்கிய நீரைக் காற்றால் ஊதி எடுங்கள். 99.9 சதவீத ஐபிஏவால் ஒரு முறை கழுவினால் மிச்ச நீரை அது கலந்து இழுத்துக்கொண்டு போகும். ஐபிஏ முழுதும் ஆவியாகும் வரை திறந்தவெளியில் வைத்து, அதற்குப் பின்னரே சூடான பெட்டிக்குள் வைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் மூடிய சூட்டில் ஐபிஏ ஆவி சேர்ந்துவிடும். 50 முதல் 60 டிகிரியில், காற்று சுழலும்படி, குறைந்தது 24 மணி நேரம். பாலிஸ்டைரீன் கெபாசிட்டர்கள் 85 டிகிரிக்கு மேல் தாங்காது. ஹீட் கன் எடுப்பவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்பிரே டப்பாக்களில் முதலில் டீஆக்சிட் டி5. இதில் வேலை செய்யும் மருந்து ஐந்து சதவீதம், மீதி கரைப்பானும் தள்ளுவாயுவும். ஆக்சைடைக் கரைத்து, தொடுமுனையில் மெல்லிய பாதுகாப்புப் படலம் விட்டுச் செல்வது அதன் நோக்கம். சுவிட்ச், கனெக்டர், ரிலே முனைக்கு அருமையான பொருள். ஆனால் குழாய் வழியாக ஒரு வினாடி அடித்தாலே சுவிட்சின் தேவையைப்போலப் பல மடங்கு ஊற்றிவிடும். மிஞ்சியது பீனாலிக் தகட்டில் ஊறி, தூசியைப் பிடித்து, அதிக இம்பீடன்ஸ் (மின்தடுப்பு) உள்ள ரேஞ்ச் சுவிட்சில் கசிவை உண்டாக்கும். அளவுக்கருவிக்கு அதே நிறுவனத்தின் முழுச்செறிவுத் திரவமான டி100எல் மேல். பல்குச்சி நுனியில் ஒரு துளி தொட்டுத் தொடுமுனையில் வைத்து, சுவிட்சை இருபது முறை திருப்பி, மிச்சத்தைத் துடைத்தெடுக்கலாம். கார்பன் தடம் உள்ள பொட்டென்ஷியோமீட்டருக்கு அதே நிறுவனத்தின் எஃப்5தான், டி5 வேண்டாம்.

கான்டாக்ட் 60 என்ற ஸ்பிரே கடுமையாகக் கறுத்த முனைக்கு வலுவான மருந்து. அது விட்டுச்செல்வதைக் கான்டாக்ட் டபிள்யூஎல் என்ற இன்னொரு ஸ்பிரேயால் கழுவி எடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். இரண்டாவது டப்பா இல்லாமல் முதலாவதை வாங்காதீர்கள். விரைவில் காயும் ஹைட்ரோகார்பன் கிளீனர்கள் எண்ணெயை நன்றாக எடுக்கும், உப்பைத் தொடாது. சாதாரண டபிள்யூடி-40 எண்ணெய்ப் படலம் விடும், போர்டிலும் பொட்டென்ஷியோமீட்டரிலும் அதற்கு இடமில்லை.

டெக்ட்ரானிக்ஸ் 465 போன்ற ஆசிலாஸ்கோப்புகளில், சுழலும் கேம் உருளை மெல்லிய தொடுவிரல்களை அழுத்தி இயங்கும் கேம் சுவிட்சுகளுக்கு எந்த ஸ்பிரேயும் வேண்டாம். ஐபிஏவில் நனைத்த தடித்த வழுவழுப்பான காகிதப் பட்டையைத் தொடுமுனைக்கு இடையில் வைத்து, கேமை மூடி, மெல்ல இழுத்தெடுங்கள். தங்கம் பூசிய அந்த விரல்கள் விரல்நுனி பட்டாலே வளையும், எமரிப் பேப்பர் பட்டால் பூச்சே போய்விடும்.

அல்ட்ராசானிக் தொட்டி: பரவலாகக் கிடைப்பவை 40 கிலோஹெர்ட்ஸில் அதிர்பவை. உலோக மூடி டிரான்சிஸ்டர், பீங்கான் உடல் ஐசி ஆகியவற்றின் உள்ளே இணைப்புக் கம்பிகள் எதிலும் பதியாமல் காற்றில் நிற்கின்றன, பழைய அளவுக்கருவிகளில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு. அவை அதிர்ந்து அறுபடும் அபாயம் உண்மையானது. 32.768 கிலோஹெர்ட்ஸ் கடிகாரப் படிகங்களுக்கும் ஆகாது. நாப், ஸ்குரூ, பிஎன்சி உடல், விசிறி வலை ஆகியவற்றுக்கு அது அற்புதமான கருவி, அவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் ஐபிஏவை ஊற்றிச் சூடேற்றுவது தீக்கு அழைப்பு.

கெபாசிட்டர் ஒழுகிய போர்டு தனி வகை. டெக்ட்ரானிக்ஸ் 2465பி ஆசிலாஸ்கோப்பின் ஏ5 போர்டும் அதே நிறுவனத்தின் டிடிஎஸ் ஆசிலாஸ்கோப் வரிசையின் சில மாடல்களும் இதற்குப் பெயர் பெற்றவை. சால்டர் மூட்டு மங்கிச் சாம்பல் நிறமாகும், அயர்ன் வைத்தால் மீன் நாற்றம் வரும். முதலில் கெபாசிட்டர்களைக் கழற்றுங்கள், கழற்றாமல் கழுவினால் அடியில் உள்ளது அப்படியே இருக்கும். வெதுவெதுப்பான சோப்புக் கரைசல், அலசல், ஐபிஏ, இதை இரண்டு மூன்று சுற்று. அருகில் உள்ள துளைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத் தொடர்ச்சியைச் சோதியுங்கள். நிக்கல் கேட்மியம் பேட்டரி ஒழுகியிருந்தால் அது காரம். 5 சதவீத வினிகரைத் தொட்டு வைத்தால் நுரைக்கும். நுரை நின்றதும் உடனே அலச வேண்டும், வினிகரும் செம்பை அரிக்கும். கம்பியின் உறைக்குள் ஏறிய காரத்தைக் கழுவ முடியாது, அந்தக் கம்பியை மாற்றுங்கள்.

மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்கும் எலக்ட்ரோமீட்டரின் உள்ளீட்டுப் பகுதியில் சோப்புக்கு இடமே கிடையாது. டெஃப்லான் தாங்கிகளைப் புது ஐபிஏ தொட்ட புது ஸ்வாபால், ஒரு ஸ்வாபுக்கு ஒரு தாங்கி என்று துடைத்து, 50 டிகிரி வறண்ட காற்றில் பல மணி நேரம் வைக்க வேண்டும். அதன்பின் விரல் படவே கூடாது.

மின்சாரம் கொடுப்பதற்கு முன், கம்பியைச் செருகாத நிலையில் பவர் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, லைன், நியூட்ரல் இரண்டையும் இணைத்து, எர்த்துக்கு எதிராக 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரில் பாருங்கள். ஒரு மெகாஓம்முக்குக் கீழே காட்டினால் டிரான்ஸ்ஃபார்மரிலோ லைன் ஃபில்டரிலோ ஈரம் இருக்க வாய்ப்பு உண்டு, மறுபடி சூடான பெட்டிக்குள் போகட்டும். சரியாக இருந்தால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தத் தொடராக இணைக்கும் சீரீஸ் பல்பு வழியாக முதல் மின்சாரம். மல்டிமீட்டர் என்றால் ஒரு மணி நேரம் சூடேறவிட்டு, 10 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த நாள்களில் அதே ரெசிஸ்டரின் ரீடிங் மெல்ல ஏறிக்கொண்டே போனால் உள்ளே இருந்த ஈரம் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது ஒரே இடத்தில் நிற்கும் வரை கேலிப்ரேஷன் டிரிம்மர் எதையும் தொட வேண்டாம்.